"லோடு முடிஞ்சிருச்சு"ன்னா என்ன அர்த்தம்? ஏஜென்ட்டுக்கு டாஸ்க் அப்டேட் டூல் டாக்குமென்ட் எழுதின ஒரு நிகழ்வு ஆய்வு

போன சீசன்ல, ஜூன் கடைசி, சாயந்தரம் அஞ்சு மணி இருக்கும். போச்சம்பள்ளி பக்கத்துல இருந்து ஒரு தோப்புக்காரர் மாங்கூழ் ஃபேக்டரிக்கு போன் பண்றார். "சார், லோடு இறங்கிருச்சு, இன்னைக்கு ரேட்ல கணக்கு போட்டாச்சுன்னு உங்க கம்பெனில இருந்து மெசேஜ் வந்திருக்கு. வண்டி இன்னும் என் தோப்பு வாசல்லயே நிக்குது, தார்ப்பாய் கட்டிட்டு இருக்காங்க. எந்த லோடு சார் இறங்குச்சு?"

அக்கவுண்ட்ஸ் அக்கா அந்த போனை எங்ககிட்ட தள்ளிவிட்டாங்க. நாங்கன்னா, கிருஷ்ணகிரி புது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு மாடி ரூம்ல உக்காந்து அந்த ஃபேக்டரிக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற நாலு பேர். அந்த மெசேஜ் போக காரணம் மனுஷன் இல்ல, நாங்க வச்ச ஏஐ ஏஜென்ட், அதாவது வர்ற மெசேஜை படிச்சு தானா முடிவெடுத்து வேலை செய்யற ஒரு ஏஐ மாடல். ஒரு வேலையோட நிலையை மாத்த அது கூப்பிடறதுக்கு நாங்க குடுத்த டூல்தான் டாஸ்க் அப்டேட், அந்த டூலுக்கு டாக்குமென்ட் எழுதினது நான். அதனால இதை நானே எழுதறதுதான் நியாயம்.

சீசன் எப்படின்னு வெளியூர்க்காரங்களுக்கு கொஞ்சம் சொல்லணும். வெளிய தோத்தாபுரின்னு சொல்ற கிளிமூக்கு மாங்காய நம்ம பக்கம் பெங்களூரான்னுதான் சொல்வோம், கூழுக்கு பெரும்பாலும் போறது அதுதான். மே, ஜூன், ஜூலைன்னு ஒரு மூணு மாசத்துல வருஷ வேலை மொத்தமும் நடந்து முடியணும். உச்சத்துல ஃபேக்டரி வாசல்ல லாரி, டிராக்டர், பிக்கப்புன்னு ராத்திரி பூரா வரிசை நிக்கும், டிரைவருங்க வண்டிக்கு அடியில பாய் போட்டு தூங்குவாங்க, அந்த நேரத்துல எந்த வண்டி எங்க இருக்குன்னு சூப்பர்வைசருக்கு பத்து நிமிஷத்துக்கு ஒரு போன். இதை குறைக்கத்தான் ஏஜென்ட் வச்சோம். ஒவ்வொரு லோடும் ஒரு டாஸ்க். டிரைவர், மேஸ்திரி, கேட்டு, எடை மேடை, எல்லாரும் ஒரே நம்பருக்கு வாட்ஸாப்ல மெசேஜ் போடுவாங்க, ஏஜென்ட் அதை படிச்சு எந்த டாஸ்க்குன்னு கண்டுபிடிச்சு ஸ்டேட்டஸ் மாத்தும். பெண்டிங், இன் ப்ராக்ரஸ், கம்ப்ளீட்டட், டெலிட்டட். நாலே நாலு.

இந்த நாலும் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு. கோடு எழுதற ஏஜென்ட்டுங்ககிட்ட டாஸ்க் லிஸ்ட் டூல் இருக்கும் இல்ல, அதைப் பாத்து அப்படியே எடுத்தோம். ஆந்த்ரோபிக் கம்பெனியோட கோடு எழுதற ஏஜென்ட் கிளாட் கோடு, அதுல முதல்ல இருந்த டூடூ ரைட் டூல் ஒவ்வொரு தடவையும் மொத்த லிஸ்டையும் திருப்பி எழுதும். பின்னாடி டாஸ்க் கிரியேட், டாஸ்க் அப்டேட்னு தனித்தனியா பிரிச்சு, ஐடி குடுத்தா அந்த ஒரு டாஸ்க்கை மட்டும் மாத்தற மாதிரி வந்துச்சு. நாங்க எடுத்தது ரெண்டாவது வகை. ஸ்டேட்டஸ் பேரை எடுத்தோம், ஃபீல்டை எடுத்தோம். ஆனா அந்த டூல்ல பேருக்கும் ஃபீல்டுக்கும் மேல, கம்ப்ளீட்டட்னு எப்ப போடணும், எப்ப போடவே கூடாது, டெஸ்ட் ஃபெயிலாகுதுன்னா போடாத, பாதி வேலைதான் முடிஞ்சிருக்குன்னா போடாதன்னு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காங்க, அதை விட்டுட்டோம். எங்க டூலோட டாக்குமென்ட் மொத்தமும் ஒரே வரி: "ஒரு டாஸ்க்கை அப்டேட் செய்யும்."

டெலிட்டட்னு ஒண்ணு அந்த லிஸ்ட்ல இருக்கறதையும் கவனிங்க, அது தனியா ஒரு வம்பு பண்ணுச்சு, அப்புறம் சொல்றேன்.

இந்த ஒரு வரி ஏன் இவ்ளோ முக்கியம்னா, மாடல் நம்ம கோடை பாக்காது. ஃபங்ஷன் உள்ள நாம கமென்ட்ல என்ன எழுதி வச்சிருந்தாலும் அதுக்கு தெரியாது. 2023 ஜூன்ல ஓப்பன்ஏஐ ஃபங்ஷன் காலிங்னு, மாடல் நம்ம ஃபங்ஷனை கூப்பிடற வசதியை விட்டதுல இருந்து, 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் எம்.சி.பி.ன்னு, மாடலையும் டூலையும் இணைக்க ஒரு பொது விதிமுறையை வெளியிட்ட பிறகும், அடிப்படை ஒண்ணுதான்: டூலோட பேரு, டிஸ்கிரிப்ஷன், என்னென்ன இன்புட் குடுக்கலாம்னு ஒரு ஜேசன் ஸ்கீமா. இந்த மூணுதான் மாடல் கண்ணுக்கு வருது. ஆபீஸ்ல புதுசா சேந்த பையனுக்கு நாம ஒரு வரி எழுதிக் கொடுத்தாலும் அவன் பக்கத்து சீட்ல கேட்டுக்குவான், டீக்கடைல காதுல வாங்கிக்குவான், ரெண்டு நாள்ல ஊர் வழக்கம் புரிஞ்சிரும். இதுக்கு பக்கத்து சீட்டே கிடையாது.

சரி, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு லாகை எடுத்து பாத்தோம். டிரைவர் நாலே முக்கால் வாக்குல ஒரு மெசேஜ் போட்டிருக்கார்: "அண்ணா லோடு முடிஞ்சிருச்சு." அவ்ளோதான். ஏஜென்ட் வண்டி நம்பரை வச்சு டாஸ்க்கை கண்டுபிடிச்சிருக்கு, அது சரியாவே பண்ணிருக்கு. அப்புறம் டாஸ்க் அப்டேட்டை கூப்பிட்டிருக்கு, ஸ்டேட்டஸ் கம்ப்ளீட்டட், டிஸ்கிரிப்ஷன் "லோடு முடிந்ததாக டிரைவர் தெரிவித்தார்". அதோட யோசனையும் லாக்ல இருந்துச்சு: இந்த டாஸ்க் ஒரு லோடு, லோடு முடிஞ்சதுன்னு சொல்றார், அதனால டாஸ்க் முடிஞ்சது. இதுல எங்க தப்பு சொல்றீங்க? சென்னையில இருந்து ஒருத்தரை கூட்டிட்டு வந்து அதே நாற்காலியில உக்கார வச்சாலும் அவரும் அதைத்தான் பண்ணியிருப்பார். தோப்புல நிக்கிற டிரைவர் வாயில "லோடு முடிஞ்சிருச்சு"ன்னா காய் ஏத்தி முடிச்சாச்சு, கிளம்பறேன்னு அர்த்தம். அதே வார்த்தையை ஃபேக்டரி கேட்ல இருந்து சொன்னா இறக்கி முடிச்சாச்சு. ஏத்தறதும் லோடு, இறக்கறதும் லோடு, வண்டியும் லோடு, மாங்காயும் லோடு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயம். கம்ப்ளீட்டட்னு போட்டா எங்க சிஸ்டம் ரெண்டு வேலை தானா பண்ணும். ஒண்ணு, தோப்புக்காரருக்கு மெசேஜ் போகும். ரெண்டாவது, அன்னைக்கு தேதியோட ரேட்டை அந்த லோடுக்கு பூட்டிரும். சீசன்ல ரேட்டு இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு, ஒரு ரூபா ரெண்டு ரூபா வித்தியாசம்னாலும் டன் கணக்குல போற சரக்குக்கு அது சின்ன காசு இல்ல, தோப்புக்காரர் பதறினது மெசேஜை பாத்து இல்ல, "இன்னைக்கு ரேட்ல"ங்கிற வார்த்தையை பாத்து. இந்த ரெண்டு பின்விளைவும் டாக்குமென்ட்ல ஒரு எழுத்து கூட இல்ல. ஏஜென்ட்டை பொறுத்தவரைக்கும் அது ஒரு கட்டத்துல டிக் அடிச்சுது.

மூணாவதா ஒண்ணு ராத்திரிதான் தெரிஞ்சுது. அந்த டாஸ்க்கோட டிஸ்கிரிப்ஷன்ல காலையில மேஸ்திரி சொல்லி ஏத்தி வச்ச குறிப்பு ஒண்ணு இருந்திருக்கு: கேபின் ஓரமா ஆறு பெட்டி நீலம் மாங்காய் இருக்கு, தனியா இறக்கணும். ஏஜென்ட் புது டிஸ்கிரிப்ஷன் அனுப்பினதும் பழசு மேலயே விழுந்து அது காணாம போச்சு. வண்டி பத்து மணிக்கு உள்ள வந்துச்சு, இறக்கறவங்க ஸ்கிரீனை பாத்தா ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் பெங்களூராவோட கொட்டிட்டாங்க. நல்லவேளை, கிளிமூக்குக்கும் நீலத்துக்கும் பாத்தாலே வித்தியாசம் தெரியும், பழுக்க வைக்கிற ரூமுக்கு போறதுக்குள்ள ரெண்டு பேர் உக்காந்து பொறுக்கி பிரிச்சாங்க. அந்த ரெண்டு பேருக்கும் ராத்திரி தூக்கம் போனதுக்கு காரணம் நான் எழுதாம விட்ட ஒரு வரி.

மறுநாள் எங்க ரூம்ல வழக்கம்போல சண்டை. ஒருத்தன் மாடலை மாத்தலாம்னான். இன்னொருத்தன், ஏஜென்ட்டுக்கு எப்பவும் முதல்ல போற உத்தரவு இருக்கு இல்ல, அந்த சிஸ்டம் ப்ராம்ப்ட்ல "கம்ப்ளீட்டட் போடும்போது மிகவும் கவனமாக இரு"ன்னு ஒரு வரி சேத்துட்டா போதும்னான். சேத்தோம். என்னாச்சுன்னா ஏஜென்ட் பயந்து போச்சு, அப்படித்தான் சொல்லணும், எந்த லோடையும் முடிக்க மாட்டேங்குது, ஒவ்வொரு மெசேஜுக்கும் சூப்பர்வைசரை கேக்குது, "இதை நிறைவடைந்ததாக குறிக்கலாமா?"ன்னு. சாயந்தரம் அவர் போன் பண்ணி, "ஏம்பா, ஒவ்வொரு வண்டிக்கும் என்னையே கேட்டுச்சுன்னா அப்புறம் அது எதுக்குப்பா, நானே பாத்துக்கறேனே"ன்னார். கவனமா இருன்னு சொல்றது டாக்குமென்ட் ஆகாது. எதுல கவனம்னு சொல்லணும் இல்ல?

அதை சொல்ல எனக்கே தெரியலங்கிறது அப்பத்தான் புரிஞ்சுது. ஒரு லோடு எப்ப முடியுதுன்னு எனக்கு தெரியாது. கோடுல கம்ப்ளீட்டட்னு ஒரு வார்த்தை இருக்கு, அவ்ளோதான் தெரியும். அதனால லேப்டாப்பை மூடி வச்சுட்டு ஃபேக்டரிக்கு போனேன்.

முதல்ல எடை மேடை. அங்க இருக்கிற அண்ணன் இருபது வருஷமா அதே ஜன்னல்ல உக்காந்திருக்கார். அவர் கணக்குல வண்டி ரெண்டு தடவை எடை ஏறணும், உள்ள வரும்போது லோடோட, வெளிய போகும்போது காலியா. முதல் எடையில ரெண்டாவதை கழிச்சாத்தான் காய் எடை. "காலி வண்டி எடை போடாம முடிஞ்சதுன்னு சொன்னா என் சீட்டு எங்க போகும் தம்பி? பாதி சீட்டுக்கு காசு குடுப்பாங்களா?"ன்னு கேட்டார். அதோட நான் யோசிக்கவே யோசிக்காத ஒண்ணு சொன்னார்: காலி வண்டின்னு பேருதான், அது எப்பவும் காலியா இருக்காது. தரம் பாக்கறவங்க ஒதுக்கின காயை அதே வண்டியில திருப்பி ஏத்தி விடுவாங்க, அதோடவே ரெண்டாவது எடை, அதனால ஒதுக்கின காய் தானா கழிஞ்சிரும். அப்ப ஒதுக்கின காயை ஏத்தறதுக்கு முன்னாடி யாராவது அவசரப்பட்டு எடை போட்டுட்டா ஃபேக்டரிக்கு நஷ்டம். இது எந்த ஃப்ளோ சார்ட்லயும் இல்ல, எங்க டேட்டாபேஸ்லயும் இல்ல.

அடுத்து தரம் பாக்கிற மேடம். அவங்க பத்து பதினஞ்சு காயை எடுத்து குறுக்க வெட்டி சதை நிறம், நார், கொட்டையில வண்டு இருக்கான்னு பாப்பாங்க. வெட்டிப் பாத்து கையெழுத்து போட்டா அவங்களுக்கு லோடு முடிஞ்சுது. இறக்கறவங்களுக்கு கடைசி காய் தரைக்கு வந்தா முடிஞ்சுது, அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு பேங்க்ல பணம் போனா முடிஞ்சுது. தோப்புக்காரருக்கு அந்த பணம் வந்ததா எஸ்.எம்.எஸ். வந்தா முடிஞ்சுது, அது அக்கா சொல்ற நேரத்துக்கு ஒரு நாள் கழிச்சும் இருக்கலாம். ஒரே லோடு, ஆளாளுக்கு ஒரு முடிவு. யாரும் பொய் சொல்லல. இவ்வளவு வருஷம் இது ஓடினதுக்கு காரணம், யார் சொல்றாங்கன்னு பாத்து எந்த முடிஞ்சதுன்னு கேக்கறவங்களுக்கு தெரியும். ஏஜென்ட்டுக்கு நாங்க வார்த்தையை மட்டும் அனுப்பினோம், யார் சொன்னாங்கங்கறதை அனுப்பல. போன் நம்பர் போகுது, ஆனா அந்த நம்பர் டிரைவரா, கேட் ஆளா, எடை மேடையான்னு போகல.

ரெண்டு நாள் உக்காந்து முடிவெடுத்தோம். எங்க டூல்ல கம்ப்ளீட்டட்னா ஒரே அர்த்தம்தான்: ரெண்டாவது எடை சீட்டு நம்பர் கையில இருக்கு. பணம் போறது வேற டாஸ்க், அது இதுக்கு அப்புறம்தான் திறக்கும். தரம் பாக்கறது இதுக்கு முன்னாடி இருக்கிற வேற டாஸ்க். எடை சீட்டை ஏன் பிடிச்சோம்னா அது ஒண்ணுதான் பேப்பர்ல நம்பரோட அச்சடிச்சு வருது, மத்தது எல்லாம் வாய் வார்த்தை.

அப்புறம்தான் எழுத உக்காந்தேன். முதல் தடவை எழுதினது ரெண்டு பக்கம் வந்துச்சு. எனக்கு ரொம்ப பெருமை. ஃபேக்டரியில கேட்ட கதை பூரா அதுல இருந்துச்சு. ஓட்டிப் பாத்தா பழையபடி தப்பு வருது, இடம்தான் மாறுது. காரணம் என்னன்னா மேல ஒரு இடத்துல "இறக்கியதும்"னு எழுதியிருக்கேன், கீழ ஒரு இடத்துல "பெறப்பட்டதும்"னு எழுதியிருக்கேன், எனக்கு ரெண்டும் ஒண்ணு, அழகுக்கு வார்த்தை மாத்தி எழுதினேன், ஸ்கூல் கட்டுரையில அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க. ஏஜென்ட் அதை ரெண்டு வேற நிலைன்னு எடுத்துக்குச்சு. அன்னைக்கு இருந்து ஒரு விஷயத்துக்கு ஒரு வார்த்தைதான், எத்தனை தடவை வந்தாலும் அதே வார்த்தை, படிக்க சலிப்பா இருந்தாலும் பரவால்ல.

வெட்டி வெட்டி கடைசியா நின்னது சுமாரா இப்படி. நிஜத்துல இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ்ல எழுதினா டோக்கன், அதாவது மாடல் எழுத்தை உடைச்சு எண்ணற துண்டு, நிறைய போகுது, அதனால. இங்க தமிழ்ல:

"ஏற்கெனவே இருக்கும் ஒரு லோடு டாஸ்க்கின் நிலையை மாற்ற இதைப் பயன்படுத்து. புது லோடுக்கு இது வேண்டாம். மாற்றும் முன் அந்த டாஸ்க்கை ஒரு தடவை படித்துக்கொள். கம்ப்ளீட்டட் என்பது வண்டி ஃபேக்டரியில் ரெண்டாவது எடை முடித்த நிலை மட்டுமே, எடை சீட்டு நம்பர் இல்லாமல் இதைப் போட முடியாது. கம்ப்ளீட்டட் போட்டதும் தோப்புக்காரருக்கு மெசேஜ் போகும், அன்றைய ரேட் பூட்டப்படும், இரண்டையும் திரும்ப எடுக்க முடியாது. டிரைவரோ மேஸ்திரியோ 'லோடு முடிஞ்சிருச்சு' என்றால் தோப்பில் ஏற்றி முடித்தார்கள் என்று பொருள், இன் ப்ராக்ரஸ் போடு. யார் சொல்கிறார் என்று தெரியாவிட்டால் நிலையை மாற்றாதே, அவரிடமே கேள். நீ அனுப்பாத ஃபீல்டு அப்படியே இருக்கும். பழைய குறிப்பு அழியாது, நீ அனுப்புவது அதற்குக் கீழே சேரும்."

இதுல சிலது வெறும் எழுத்து இல்ல, கோடையும் மாத்தினோம். எடை சீட்டு நம்பர் இல்லாம கம்ப்ளீட்டட் வந்தா சர்வரே தள்ளிவிடும். கோடுல பூட்டு போட முடியற இடத்துல டாக்குமென்ட்ல கெஞ்சிட்டு இருக்க கூடாதுங்கறது என் கட்சி. ஆனா பூட்டு மட்டும் போட்டு ஏன்னு எழுதாம விட்டா ஏஜென்ட் எங்கயாவது ஒரு நம்பரை பிடிச்சுட்டு வந்து அந்த கட்டத்துல போட பாக்கும். முதல் எடை சீட்டு நம்பரை போட்டு ஒரு தடவை முயற்சியே பண்ணுச்சு! அதனால சீட்டு எந்த வகைன்னும் சர்வர் பாக்குது, டாக்குமென்ட்லயும் சொல்லியிருக்கு.

குறிப்பு அழிஞ்ச கதைக்கு வருவோம். அனுப்பாத ஃபீல்டு என்ன ஆகும், காலியா அனுப்பினா என்ன ஆகும், இது பழைய கேள்வி. 2014ல வந்த ஜேசன் மெர்ஜ் பேட்ச்னு ஒரு இணைய விதிமுறை, ஆர்.எஃப்.சி. 7396, அதுல விதி தெளிவா இருக்கு: அனுப்பாதது அப்படியே இருக்கும், நல்னு (null, மதிப்பே இல்லன்னு) அனுப்பினா அந்த ஃபீல்டே நீங்கிரும், மத்தபடி அனுப்பினது பழசு மேல உக்காரும். நாங்க அந்த விதியைத்தான் கோடுல வச்சிருந்தோம், தப்பில்ல. ஆனா அதை ஏஜென்ட்டுக்கு சொல்லல. டிஸ்கிரிப்ஷன்னு பேர் வச்ச ஃபீல்டை அது, இந்த தடவை என்ன நடந்துச்சுன்னு விவரிக்கிற இடம்னு நினைச்சுக்குச்சு, நியாயம்தான். பேரையே "குறிப்பு சேர்"னு மாத்தி, சேக்க மட்டும்தான் முடியும்னு பண்ணிட்டோம். பேரு மாத்தினதுக்கு அப்புறம் அந்த தப்பு ஒரு தடவை கூட வரல. ஃபீல்டு பேரும் டாக்குமென்ட்தான், அதுவும் மாடல் முதல்ல படிக்கிற டாக்குமென்ட்.

டெலிட்டட் வம்பு. பர்கூர் தாண்டி ஒரு வண்டி அச்சு உடைஞ்சு நின்னு போச்சு, காயை வேற வண்டிக்கு மாத்தி வேற ஃபேக்டரிக்கு கொண்டு போயிட்டாங்க. டிரைவர், "அண்ணா இந்த லோடு இல்ல, விட்டுருங்க"ன்னு மெசேஜ். ஏஜென்ட் டெலிட்டட் போட்டுருச்சு, டாஸ்க்கே போச்சு. மாசக் கடைசியில ஏஜென்ட்டு, அதாவது மனுஷ ஏஜென்ட்டு, தோப்பு பிடிச்சுக் குடுக்கிற புரோக்கர், அவர் வந்து முன்பணம் குடுத்த அந்த லோடு எங்கன்னு கேக்கறார், காட்ட ஒரு ரெக்கார்டு இல்ல. கோடு எழுதற ஏஜென்ட்டுக்கு டெலிட் பொருந்தும், அங்க டாஸ்க்னா அதோட சொந்த ஞாபகத்துக்கு வச்சுக்கற சீட்டு, கிழிச்சு போடலாம். இங்க டாஸ்க்னா ஒருத்தரோட சரக்கு. டெலிட்டட்டை தூக்கிட்டோம். ஏஜென்ட்டுங்க ஒண்ணோட ஒண்ணு பேசறதுக்குன்னு கூகுள் 2025 ஏப்ரல்ல வெளியிட்ட ஏ2ஏ புரோட்டோகால்ல டாஸ்க் நிலைகளை பாத்தா கேன்சல் வேற, ஃபெயில் வேற, ரிஜெக்ட் வேறன்னு பிரிச்சிருக்காங்க, இன்புட் வேணும்னு காத்திருக்கிற நிலை தனியா இருக்கு. அதுல இருந்து கேன்சல், ரிஜெக்ட், பதிலுக்கு காத்திருக்கு, இந்த மூணையும் எடுத்தோம். மூணாவது வந்ததும் சூப்பர்வைசருக்கு போற கேள்வி குறைஞ்சுது, ஏன்னா ஏஜென்ட்டுக்கு இப்ப தெரியலன்னு சொல்ல ஒரு கட்டம் இருக்கு. முன்னாடி நாலு கட்டத்துல எதையாவது ஒண்ணை தேர்ந்தெடுத்தே ஆகணும்.

எம்.சி.பி.ல டூலுக்கு குறிப்பு ஒட்டற வசதியும் இருக்கு, இது படிக்க மட்டுமா, எதையாவது அழிக்குமா, ரெண்டு தடவை கூப்பிட்டா அதே விளைவுதானான்னு. 2025 மார்ச் பதிப்புல வந்துச்சு. ஒட்டினோம். ஆனா அது வெறும் குறிப்புதான், அதை நம்பி பாதுகாப்பு முடிவு எடுக்காதீங்கன்னு அவங்களே எழுதியிருக்காங்க, அதனால அதை பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவை கூப்பிட்டா என்னங்கறது மட்டும் எங்களுக்கு உதவுச்சு: சிக்னல் விட்டுப் போய் ஏஜென்ட் அதே கம்ப்ளீட்டட்டை திருப்பி அனுப்பினா தோப்புக்காரருக்கு ரெண்டு மெசேஜ் போயிட்டு இருந்துச்சு, அதை கோடுல சரி பண்ணிட்டு டாக்குமென்ட்ல "பதில் வரலன்னா அதே சீட்டு நம்பரோட திரும்ப அனுப்பலாம், கெடுதல் இல்ல"ன்னு ஒரு வரி. அதே மாதிரி சூப்பர்வைசரும் ஏஜென்ட்டும் ஒரே நேரத்துல ஒரே டாஸ்க்கை தொட்டா யார் ஜெயிக்கறதுங்கறதுக்கு ஒரு வெர்ஷன் நம்பர் வச்சோம், பழைய நம்பரோட வந்தா 409, அதாவது மோதல்னு சொல்ற எரர்.

அந்த 409ஐ பத்திதான் எனக்கு பேசணும். முன்னாடி எங்க எரர் எல்லாம் "400, தவறான இன்புட்", முடிஞ்சுது. மனுஷ டெவலப்பருக்கு அது போதும், அவன் திட்டிட்டு கோடை திறந்து பாப்பான். ஏஜென்ட் அதை பாத்துட்டு அதே ரிக்வெஸ்ட்டை ரெண்டு எழுத்து மாத்தி நாலு தடவை அனுப்பும். இப்ப எரர்லயே வாக்கியம் எழுதறோம்: "இந்த டாஸ்க்கை நீ படிச்சதுக்கு அப்புறம் சூப்பர்வைசர் மாத்தியிருக்கார், திரும்ப படிச்சுட்டு வா." இல்லன்னா, "ரெண்டாவது எடை சீட்டு இல்ல, வண்டி உள்ள இருந்தா இன் ப்ராக்ரஸ்லயே விடு." தப்பு பண்ணின நேரத்துல, தப்பு பண்ணின இடத்துல வந்து நிக்கிற வரி அது. மேல டிஸ்கிரிப்ஷன்ல எழுதின பத்து வரியை விட இது நல்லா வேலை செய்யுதுன்னு என் அனுபவம், டிஸ்கிரிப்ஷன்ல இருந்து சிலதை வெட்டி எரருக்கு கொண்டு போனேன்.

உதாரணம் குடுக்கற விஷயத்துலயும் ஒரு தடவை சறுக்கினோம். டாக்குமென்ட்ல மூணு உதாரணம் வச்சேன், மூணுமே டிரைவர் சொல்ற "லோடு முடிஞ்சிருச்சு". அவ்ளோதான், எடை மேடை அண்ணன் "முடிஞ்சிருச்சு, சீட்டு நம்பர் இது"ன்னு போட்டாலும் ஏஜென்ட் அதை தோப்புல ஏத்தி முடிச்சதா எடுத்துக்குச்சு. ஒரே பக்கம் உதாரணம் வச்சா அதுவே சட்டம் ஆயிடுது. அப்புறம் ஒரே வாக்கியத்தை ரெண்டு பேர் சொல்ற மாதிரி ஜோடியா வச்சோம், ஒவ்வொரு மெசேஜுக்கு முன்னாடியும் யார்கிட்ட இருந்துங்கறதை சிஸ்டமே ஒட்டி அனுப்பற மாதிரி பண்ணோம். உள்ளபடி சொன்னா பாதி பிரச்சனை இந்த ஒட்டுல தீந்துச்சு, டாக்குமென்ட்ல இல்ல.

புது டாக்குமென்ட்டை சீசன் நடுவுல அப்படியே விட பயமா இருந்துச்சு. அதனால அந்த வாரம் வந்த மெசேஜ் எல்லாத்தையும் எடுத்து, நம்பரை மறைச்சு, எடை மேடை அண்ணனை ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் எங்க ரூமுக்கு கூட்டிட்டு வந்தோம். பிரியாணி வாங்கிக் கொடுத்து ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டி, இதுக்கு என்ன போடுவீங்கன்னு கேட்டோம். அவர் சொன்னதை ஒரு பக்கம், ஏஜென்ட் போட்டதை ஒரு பக்கம். பெரும்பாலும் ஒத்துப் போச்சு. ஒத்துப் போகாத இடத்துல ரெண்டு தடவை அவரே அரை மணி நேரம் முன்னாடி சொன்னதுக்கு மாத்தி சொன்னார். "வந்தாச்சு"ங்கற வார்த்தைதான். கேட்டு வாசல் வரிசைக்கு வந்தாச்சா, உள்ள வந்தாச்சா? "அது நிலைமையை பொறுத்தது தம்பி"ன்னார். அவருக்கே நிலைமையை பொறுத்ததுன்னா டூலுக்கு நான் என்னன்னு எழுத? வந்தாச்சுன்னா கேளுன்னு எழுதிட்டேன், இப்பவும் அப்படித்தான் இருக்கு.

தோப்புக்காரர் விஷயம்: அன்னைக்கு பூட்டின ரேட்டை கைல திறந்து, வண்டி எடை போட்ட தேதி ரேட்டுக்கு மாத்தினாங்க. ரெண்டு தேதிக்கும் ரேட்டு ஒண்ணாவே இருந்துச்சு, அதனால அவர் சிரிச்சுட்டார். குறைஞ்சிருந்தா சிரிச்சிருப்பாரான்னு நான் கேக்கல.

டாக்குமென்ட்டோட தமிழ் வடிவத்தை ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து எடை மேடை ரூம்ல குடுத்தேன், ஏஜென்ட் எதை எப்படி எடுத்துக்கும்னு அவங்களுக்கும் தெரியட்டும்னு. காலண்டர் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காங்க. போன வாரம் போனப்ப பாத்தா அதுக்கு கீழ பால்பாயின்ட் பேனால ஒரு வரி: "ஒதுக்கின காயை வேற வண்டியில திருப்பி அனுப்பினா எந்த சீட்டு நம்பர் போடணும்?" அப்படி நடக்குமான்னு அண்ணனை கேட்டேன். சீசனுக்கு ரெண்டு மூணு தடவை நடக்கும், வந்த வண்டி அவசரம்னு கிளம்பிரும், நாங்க கையில எழுதி கழிச்சுக்குவோம்னார். எங்க லிஸ்ட்ல அது இப்ப பெண்டிங்.